மெர்சி மேடமும் ஆறு சிட்டிங்கும்

அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் மெர்சிக்குக் குமட்டிக்கொண்டு வரும். முன்பு ஹெல்மெட்டும் பழைய ஷூவும் அடுக்கி வைத்திருந்த இடம் அது. நாலு சுவருக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து, சூரியன் உதிக்கிற படம் ஒன்றை ஒட்டி, கதவில் 'மன மகிழ்ச்சி அறை' என்று ஸ்டிக்கர் போட்டுவிட்டார்கள். வியர்வை நாற்றம் மட்டும் போகவில்லை. அதை அடக்கக் காலையும் மாலையும் ரோஜா ஸ்ப்ரே அடிப்பார்கள். வியர்வையும் ரோஜாவும் ஒன்றாகச் சேர்ந்தால் வயிற்றை என்ன செய்யும் என்பது அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"எப்படி மேடம் ரூம்? உள்ள வந்தாலே மைண்ட் ஃப்ரெஷ் ஆயிடுதுல்ல?" என்று ஸ்ரீதர் கேட்பான். அந்தக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். மெர்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு ஜன்னல் வெச்சிருந்தா நல்லா இருக்கும் சார்" என்பாள். "பாத்துடலாம் மேடம்" என்பான். இரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஜன்னலும் வரவில்லை, அவன் வாயும் ஓயவில்லை.

ஒரகடத்தில் கார், லாரிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து கொடுக்கும் கம்பெனி அது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மெர்சிக்கு அங்கே வேலை. பயமும் படபடப்புமாக ஒடுங்கிப்போன தொழிலாளிகளிடம் பேசி, அவர்களைத் தேற்றித் திரும்ப லைனுக்கு அனுப்ப வேண்டும். மற்ற நாட்களில் தண்டலத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே சின்னதாக ஓர் அறை. அங்கே கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். வயது முப்பத்தெட்டு. வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் மூக்குத்தான் முதலில் சிவக்கும்.

ஊர் வல்லம் வடகால். அப்பா சாம்சன், நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு கம்பெனி பஸ் ஓட்டினார். மெர்சி பிளஸ் டூ படிக்கும்போது அவருக்கு அந்தக் கோளாறு வந்தது. சிக்னலில் பஸ் நின்றால் நெஞ்சை அடைக்கும், கை வேர்க்கும், ஸ்டீயரிங் வழுக்கும். செத்துவிடுவோம் என்று நினைப்பாராம். இந்தப் பக்கத்தில் பயம் என்று ஒரு நோயே கிடையாது. வயிற்றுக் கேஸ்தான் உண்டு. நெஞ்சு அடைத்தால் கேஸ், தலை சுற்றினால் கேஸ், பொண்டாட்டி செத்து அழுகை அடங்கவில்லை என்றாலும் கேஸ். அம்மா ஞானம்மா பூண்டு நசுக்கிக் கொடுத்தாள். போதகர் வந்து நெற்றியில் எண்ணெய் வைத்தார். டாக்டர் பிங்க் கலர் மருந்து கொடுத்தார். ஒரு வருஷம் அந்த மனிதர் ஏப்பம் விட்டே காலம் தள்ளினார். கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி பத்து நிமிஷம் பேசிவிட்டு, "ஐயா, இது பயம். இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றாள். சாம்சன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்றைக்கே மெர்சி முடிவு பண்ணிவிட்டாள், படித்தால் இதைத்தான் படிப்பது என்று.

படித்தாள். அவளுடைய வைத்தியம் பெரிய மந்திரம் எல்லாம் இல்லை. "பயப்படாதீங்க" என்று மட்டும் அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். அதைத்தான் ஊரே சொல்லியாயிற்றே, அதில் சரியாகியிருந்தால் இங்கே ஏன் வருகிறார்கள்? பயம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கையை வைத்துக் காட்டுங்கள் என்பாள். காட்டுவார்கள். அது என்ன சொல்கிறது, உங்கள் வாய்ப்படியே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்பாள். சொல்வார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கும் மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

"அது சொல்றது பொய்யா, நெஜமா? பொய்னா சேர்ந்து வெரட்டலாம். நெஜம்னா, அது சொல்றபடி கேக்கணும்."

பேக்கிங்கில் செங்கமலம் என்று ஓர் அம்மாள். காலையில் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை வீட்டுக்குத் திரும்பி ஓடுவாள். தினமும் லேட். மெர்சி அவளை அந்தப் பயத்தோடேயே ஸ்டாப்பில் உட்கார வைத்தாள். முதல் நாள் ஐந்து நிமிஷம், அடுத்த நாள் பத்து. உட்கார உட்காரப் படபடப்பு தானாக ஏறி, தானாக இறங்கியது. இரண்டு மாதத்தில் செங்கமலம், "வூடு எரிஞ்சா எரியட்டும்னு வந்துடறேன் மேடம், இதுவரைக்கும் எரியல" என்று சிரித்தாள். இப்படிப் படிப்படியாகத்தான் மெர்சி ஆட்களைத் தேற்றுவாள். அதில் அவளுக்குக் கெட்டிக்காரி என்ற பெயரும் உண்டு, கர்வமும் உண்டு.

ஆனால் கம்பெனி கொடுத்தது ஆளுக்கு ஆறு சிட்டிங். ஆறாவது முடிந்ததும் ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டே கட்டம்: 'வேலைக்குத் தகுதி', 'தகுதி இல்லை'. ஒன்றில் டிக் போட வேண்டும். இந்த அவசரத்தில் மூன்றாவது கேள்வியை மெர்சி மெல்ல மெல்ல விழுங்க ஆரம்பித்திருந்தாள். "மெஷின் எல்லாம் ஆடிட் ஆனது மேடம், நூறு பர்சன்ட் சேஃப்டி. இவனுங்களுக்குத்தான் மனசு சரியில்ல" என்று ஸ்ரீதர் சொல்லி வைத்திருந்தான். அதை நம்பினாள். அந்த நாக்கை நம்பினோமே என்று பிற்பாடு அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இசக்கிபாண்டி ஆடி மாதக் கடைசியில் வந்தான். தெற்கே ஓட்டப்பிடாரம் பக்கம். இருபத்தாறு வயது, கான்ட்ராக்ட் ஆள். பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் அதை வளைத்துவிடும். ஒருநாள் அவன் தட்டாமலேயே மெஷின் இன்னொரு தடவை இறங்கிவிட்டது. டபுள் அடி என்பார்கள். கை வெளியே இருந்ததால் பிழைத்தான். அன்றிலிருந்து மெஷின் முன்னால் நின்றால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். கம்பெனி கிளினிக்கில் என்ன சொல்லியிருப்பார்கள்? கேஸ். இரண்டு பாட்டில் பிங்க் மருந்து குடித்துவிட்டு மெர்சியிடம் வந்தான். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம். தகுதி இல்லை என்று டிக் விழுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"எங்க இருக்கு பயம்? கைய வெச்சுக் காட்டுங்க."

நெஞ்சில் வைத்தான்.

"என்ன சொல்லுது?"

"கை போயிரும்னு சொல்லுது மேடம்."

இங்கேதான் அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூச்சுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். மூக்கால் நாலு எண்ணிக்கை இழு, வாயால் ஆறு எண்ணிக்கை விடு. அடுத்த வாரம் பிரஸ் ஷாப் வாசலில் நிற்க வைத்தாள். அதற்கடுத்த வாரம், நின்றிருக்கும் மெஷினைத் தொட வைத்தாள். அப்புறம் இந்த அறையில் மேஜையையே மெஷினாக நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு வேலையை நடித்துக் காட்டச் சொன்னாள். அவன் வலது உள்ளங்கையால் மேஜையைத் தட்டினான். இடது கை முன்னால் போய்த் தகட்டை வைப்பதுபோல் வைத்து, எடுப்பதுபோல் எடுத்தது. வை, தட்டு, எடு. வை, தட்டு, எடு.

"மூச்சுப் பயிற்சிய விட்டுடாதீங்க, கூடவே ஓடட்டும். ஆங், அப்படித்தான். அருமையா பண்றீங்க" என்றாள் மெர்சி. ஒரு தடவை இல்லை, அந்த ஒரு சிட்டிங்கில் பத்துத் தடவை அப்படிச் சொன்னாள்.

ஐந்தாவது சிட்டிங்குக்கு அவன் கருப்பட்டி மிட்டாய் பொட்டலத்தோடு வந்தான். "மேடம், நேத்து அரை ஷிப்ட் ஓட்டிட்டேன்லா. நெஞ்சு அடிக்கவே இல்ல. நீங்க நல்லா இருக்கணும்" என்றான். மெர்சிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மிட்டாயை அவன் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ்ஸுக்காக நின்றாள். பாதுகாப்பு வாரம் என்று புதுசாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெண் பிரஸ் முன்னால் நின்று சிரிக்கிறாள். முன்னால் இரண்டு பச்சை பட்டன். வலது கை ஒன்றின் மேல், இடது கை இன்னொன்றின் மேல். மெர்சி அதைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். இவன் ஒரு கையால்தானே தட்டினான்?

"இன்னாக்கா, போர்டை அப்டி மொறைக்கிற?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் பிரவீனா. அதே ஊர்ப் பெண், அதே கம்பெனி. முன்பு பிரஸ்ஸில் இருந்துவிட்டு இப்போது அசெம்ப்ளிக்கு மாறியவள்.

"பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டனா?"

"ஆமாக்கா. ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தாத்தான் எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"அப்போ ஒரு கையால ஓட்ட முடியாதா?"

பிரவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது போர்டுக்குக்கா! லைன்ல ரெண்டு கையையும் வெச்சிக்கினு நின்னா பீஸ் கவுண்ட் எங்கருந்து வரும்? லெஃப்ட் பட்டன்ல ஐஸ் குச்சிய சொருவிடுவாங்க. அது அமுங்கினே கீது. ரைட்டை மட்டும் தட்டினா அடிக்கும். லெஃப்ட் கை சும்மா இருக்குதுல்ல, அது உள்ள போயி ஷீட்டை வெச்சி எடுத்துக்கினே இருக்கும். 'குச்சி போட்டாச்சா'ன்னு கேட்டுத்தான் ஷிப்ட்டே ஆரம்பிப்பாங்க."

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? குச்சி குடுக்கறதே அவருதான். ஆடிட் அன்னிக்கு மட்டும் எல்லாத்தையும் புடுங்கி டப்பால போட்டு வெச்சிப்பாரு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். வாயில் கருப்பட்டி இனிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வல்லம் வருவதற்குள் இரண்டு தடவை துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

சீ, என்ன ஜென்மங்கள்! பிள்ளைகள் சப்பிப் போடுகிற ஐஸ் குச்சிக்கு ஒருத்தன் கையை விற்றிருக்கிறார்கள். அவன் பயந்தால் அதற்குப் பெயர் மனக்கோளாறு. பிங்க் மருந்து. ரோஜா ஸ்ப்ரே. சூரிய உதயம். தூ! இந்த ஸ்ரீதரை நினைத்தால் ஒரு வாந்தி, குச்சி கொடுக்கிற அந்த சூப்பர்வைசரை நினைத்தால் ஒரு வாந்தி. ஆனால் எல்லாவற்றையும்விட நாறிப்போய் நின்றது அவளேதான். அந்த ஆளின் உடம்பில் ஒரே ஒரு காவல்காரன் இருந்தான், அவன் பயம். நெஞ்சில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தான். படித்த படிப்பை எல்லாம் போட்டு அவனைத் தூங்கப் பண்ணிவிட்டாள். அருமையா பண்றீங்க என்று பாராட்டு வேறு!

வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். லைன் ஓடுகிறது, ஆளை விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த செவ்வாய்தான் ஆறாவது சிட்டிங். இடையில் அவன் அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு முழு ஷிப்ட் ஓட்டினான். அந்த நாட்களில் மெர்சிக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தான். தெம்பாக, தலையைப் படிய வாரிக்கொண்டு.

"பாண்டி, இடது பட்டன்ல குச்சி இருக்கா?"

"இருக்குல்லா."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

அவன் அவளை வியப்பாகப் பார்த்தான். "நீங்க கேக்கலையே மேடம். ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். கம்பெனி ஆளு நீங்க. தெரிஞ்சுதான், அத எப்படித் தாங்குறதுன்னு சொல்லித் தாரீயன்னு நெனச்சேன்."

மெர்சிக்கு மூக்கு சிவக்கவில்லை. முகமே வெளுத்துவிட்டது.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "ஒங்க பயம் பொய் இல்ல. நெஜம். அதைத் திரும்பக் கூப்பிடணும்."

அவன் சிரித்தான். "போங்க மேடம், வெளையாடாதீய. இத்தன வாரம் வெரட்டு வெரட்டுன்னு சொல்லிட்டு இப்ப கூப்பிடுங்கீய. அது போயிட்டு. நாலு இழுத்து ஆறு விட்டா எனக்கு ஒண்ணும் ஆவாது. நேத்து கவுண்ட்ல நாந்தான் ஃபர்ஸ்ட்."

அவள் சொல்லிப் பார்த்தாள். மெஷின் பழசு, டபுள் அடி திரும்ப வரும், உன் மூச்சு இரும்பைத் தடுக்காது என்றாள். கெஞ்சினாள், திட்டினாள். அவன் தலையைத் தலையை ஆட்டினான். நல்ல பிள்ளை, மேடம் ஏதோ கவலைப்படுகிறார்கள் என்று ஆறுதல் சொல்கிற மாதிரி ஒரு பார்வை. அவன் முகத்தில் தெரிந்த அந்த அமைதி அவளே கொடுத்தது.

"சரி, கடைசியா ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டான். வை, தட்டு, எடு. வை, தட்டு, எடு. மூச்சு சீராக ஓடியது. மேஜை மேல் அவளுடைய ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இருந்தது, தண்ணீர் நிறைய. மெர்சி அதை எடுத்தாள். அவன் வலது கை தட்டாமல் மேஜை மேல் சும்மா இருந்தபோது, இடது கை முன்னால் போயிருந்தபோது, மேஜையில் ஓங்கி ஒரே போடு. விரலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருந்திருக்கும்.

அவன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். நாற்காலி உருண்டது. சுவரோடு ஒண்டிக்கொண்டு இடது கையை வலது கையால் இறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. பல் தந்தியடித்தது.

"அன்னிக்கு டபுள் அடி இப்படித்தான வந்துச்சு?"

"சீ! என்ன பொம்பள நீ!" என்றான்.

"நான் எப்படியோ போறேன். நெஞ்சுல இருக்கே, அது இப்ப என்ன சொல்லுது?"

"கை... கை போயிரும்னு சொல்லுது."

"பொய்யா, நெஜமா?"

அவன் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினான். "நெசம்" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். போகிறபோது கதவருகில் காறித் துப்பிவிட்டுப் போனான். வைத்தியம் பார்க்கிறவள் செய்கிற காரியமா இது என்று மெர்சிக்குத் தன் கையைப் பார்க்கவே கூசியது. அந்த எச்சிலை அவளே துடைத்தாள்.

பாரத்தை எடுத்து இரண்டு கட்டத்தையும் குறுக்கே அடித்தாள். கீழே எழுதினாள்: 'இசக்கிபாண்டிக்கு நோய் எதுவும் இல்லை. இடது பட்டனில் குச்சி இருக்கும் வரை அவருடைய பயம் சரியான பயம்.'

ஸ்ரீதர் படித்தான். "மேடம், இதுல டிக் போடற எடம் ரெண்டுதான் இருக்கு."

"குச்சி போடற எடம் ஒண்ணு இருக்கே சார், அதப் போய்ப் பாருங்க."

"குச்சியா? எந்தக் குச்சி?" என்றான். கண் சிமிட்டாமல், முகம் மாறாமல் கேட்டான். "நீங்க மனசப் பாருங்க மேடம். மெஷினை மெஷின் ஆளுங்க பாத்துப்பாங்க."

"ஒங்க புள்ள கைய வெச்சு ஒரு ஷிப்ட் ஓட்டுவீங்களா சார்?"

அவன் பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அடுத்த மாசத்துலேர்ந்து கவுன்சிலிங் எல்லாம் செல்போன் ஆப்லயே வரப்போவுது மேடம். நீங்க சிரமப்பட வேணாம். வெள்ளிக்கிழமை வந்து ஒங்க பொருளையெல்லாம் எடுத்துக்குங்க" என்றான். குரலில் அத்தனை மரியாதை. மெர்சிக்கு அந்த மரியாதையை எங்கேயாவது கழுவிக்கொண்டால் தேவலை போலிருந்தது. அன்றே தொழிற்சாலை ஆய்வாளருக்கு நாலு பக்கம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பொருளை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினாள். பிரவீனா ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உன்னாண்ட வந்துக்கினு இருந்தாரே அந்தத் தெக்கத்திக்காரரு, இன்னிக்கு ஒரே கலாட்டா! குச்சியப் புடுங்கி சூப்பர்வைசர் கால்கிட்டயே போட்டுட்டாரு. 'கவுண்ட் வரலைன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராத'ன்னு அந்தாளு கத்து கத்துன்னு கத்துறான். இவரு வாயே தொறக்கல. சட்டையெல்லாம் நனைஞ்சி, ஒடம்பு ஒதறிக்கினு, ரெண்டு பட்டனையும் அமுக்கிக்கினே நிக்கிறாரு. நீ இத்தினி வாரம் பாத்தும் ஒண்ணும் சரியாவல போலக்கா."

"கை நடுங்குதா?"

"பயங்கரமா நடுங்குதுக்கா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"அப்பாடா" என்று மெர்சி சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.